பெரியப்பா மிச்சம் வைத்த அரைக் கிளாஸ்

போன வருடத் தீபாவளிக்கு மறுநாள். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு தட்டில் அம்மா செய்த ஆட்டிறைச்சி வறுவல். பக்கத்தில் நான் என் கையால் காய்ச்சி, நொதிக்கவிட்டு, போத்தலில் அடைத்து, மூன்று வாரம் பொறுமையாக இருந்து திறந்த ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர். கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் மாதுளை நிறம் தெரியும். பெரியப்பா ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு மூன்று வாய். அப்புறம் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு வறுவலில் எலும்பு பொறுக்க ஆரம்பித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது ஸ்டவுட் இல்ல."

பெரியப்பா மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவர். கோப்பிக்கடையில் கோப்பி ஓ (பாலில்லாத கோப்பி) குடித்தால் அடியில் தங்கிய சர்க்கரையைக் கரண்டியால் வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் அன்றைக்கு அரைக் கிளாஸை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பாத்திரம் கழுவும்போது அதைக் கொட்ட மனம் வராமல் சிங்க் பக்கத்தில் நின்றபடியே குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. முழுப் பாராட்டையும் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு 'ஆனா'வை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு சண்டையும் போட முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஐரிஷ் ட்ரை ஸ்டவுட் என்பதே அப்படித்தான். நிறத்தைப் பார்த்துக் கனமான சாமான் என்று நினைப்பார்கள், ஆனால் மதுச்சத்து 4 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இனிப்பு கிடையாது, வாயில் கனமாக நிற்காது, குடித்து முடித்ததும் வறுத்த கோப்பிக்கொட்டையை மென்றது மாதிரி ஒரு உலர்ந்த கசப்பு. பெரியப்பா அறுபது வருடமாகக் குடித்தது வேறு ஸ்டவுட், அவருக்கு இது பழக்கமில்லை, விஷயம் முடிந்தது. இந்தப் பதிலை எம்ஆர்டி ரயிலில் போகும்போது, பல் துலக்கும்போது, அலுவலகத்தில் யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது, மனசுக்குள் பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பதிலில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

கறுப்பு நாய், சிவப்பு நாக்கு

பெரியப்பாவின் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஸ்டவுட் என்றால் ஒரு குறிப்பிட்ட பொருள். பழைய சீனப் பெரியவர்கள் கின்னஸைக் 'கறுப்பு நாய்' என்றும் ஏபிசி ஸ்டவுட்டைச் 'சிவப்பு நாக்கு நாய்' என்றும் கேட்டு வாங்குவார்கள். போத்தலில் ஒட்டியிருந்த நாய்த்தலை முத்திரையால் வந்த பெயர். பெரியப்பாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு, ஹொக்கியனில் கேட்பார், கடைக்காரரும் சிரிக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஏபிசி டின்னில் 8 விழுக்காடு என்று அச்சடித்திருக்கும். கறுப்பு, கெட்டி, அடியில் ஒரு வெல்லப்பாகு இனிப்பு, இரண்டு டின் குடித்தால் காது சூடாகும். பட்டறையில் வேலை முடிந்து வருகிறவனுக்கு அது சாப்பாட்டில் பாதி.

மருந்தும் அதுதான். பெரியம்மா முதல் பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு போத்தல் ஸ்டவுட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாராம். ரத்தம் ஊறும், உடம்பு தேறும் என்று. 'கின்னஸ் உடம்புக்கு நல்லது' என்று அந்த நிறுவனமே 1929இல் விளம்பரம் செய்த காலத்தின் எச்சம் அது. இன்றைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஸ்டவுட் கொடுத்தால் டாக்டர் நம்மை வெளியே நிறுத்திவிடுவார். ஆனால் பெரியம்மா அந்தப் போத்தலை இன்னும் பாசத்தோடுதான் சொல்வார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடித்தாராம்.

இந்த வெப்பமண்டல ஸ்டவுட்டின் வம்சம் தனி. 1801இல் கின்னஸ் ஆலை கரீபியத் தீவுகளுக்கு அனுப்புவதற்கென்று போர்ட்டர் என்ற கறுப்பு பீர் ஒன்றைக் காய்ச்சியது. மாதக்கணக்கில் கப்பலில், வெயிலில், கெடாமல் இருக்க வேண்டும். அதனால் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ கூடுதல், மதுச்சத்தும் கூடுதல். ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்று நம் ஊர்க் கடைகளில் இருப்பது அதன் வாரிசு. கின்னஸ் பிறந்த அயர்லாந்தின் டப்ளினில் வேலை முடிந்து வருகிறவன் ஒரே உட்காரலில் மூன்று நான்கு கிளாஸ் குடிக்கிற மெல்லிய ஸ்டவுட், இங்கே வந்த ஸ்டவுட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெளிநாட்டு ஆலைகளில் காய்ச்சும் கின்னஸுக்கு, கறுப்பும் கசப்பும் சேர்ந்த ஒரு சாற்றை டப்ளினிலிருந்தே அனுப்பி உள்ளூர் பீரில் சேர்க்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மசாலாத்தூளை ஊரிலிருந்து வரவழைத்து இங்கே குழம்பு வைக்கிற எங்கள் அம்மாவுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆக, நான் அயர்லாந்தைக் காய்ச்சினேன், பெரியப்பா சிங்கப்பூரைத் தேடினார். இப்படிச் சொல்லிக்கொண்டதும் மனசு லேசானது. ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. 'கனமில்லை' என்பது மட்டும் குறையாக இருந்திருந்தால் அவர் சப்புக்கொட்டிவிட்டு முழுக் கிளாஸையும் முடித்திருப்பார். டைகர் பீரில் கனமா இருக்கிறது? அதைக் குடிக்கவில்லையா? குடிக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். இரண்டாவது வாயில் இடது கண் லேசாகச் சுருங்கியது. எலுமிச்சை ஊறுகாயைத் தெரியாமல் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் சுருங்குமே, அப்படி.

ஹார்லிக்ஸ் வாசனை வரும் வீடு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் காய்ச்சுவது பற்றிக் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது சட்டம். 2004 முதல் இங்கே வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது, விற்கக் கூடாது, வடித்துச் சாராயம் ஆக்கக் கூடாது. நான் மாதத்துக்கு 10 லிட்டர்கூடத் தாண்டுவதில்லை. அடுத்த கேள்வி காசு மிச்சமா என்பது. பீருக்கும் ஸ்டவுட்டுக்கும் அதிலிருக்கும் மதுச்சத்து லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 8 விழுக்காட்டு டின் ஒன்றில் தீர்வை மட்டுமே ஒன்றரை வெள்ளிக்கு மேல். அந்தக் கணக்கைக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். பாத்திரம், பழைய ஃபிரிட்ஜ், வெப்பம் காட்டும் கருவி, உடைந்த ஹைட்ரோமீட்டர், அதற்குப் பதில் வாங்கிய ஹைட்ரோமீட்டர் எல்லாம் கூட்டினால் இந்தப் பிறவியில் மிச்சம் வராது.

செய்முறை கஷ்டமில்லை. உடைத்த மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) துணிப்பையில் போட்டு 66 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாகும். பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். என் கணக்கு 10 லிட்டருக்கு 1.5 கிலோ வெளிர் மால்ட், 400 கிராம் பார்லி அவல், 300 கிராம் வறுத்த பார்லி. பார்லி அவல் என்பது உண்மையிலேயே அவல்தான், உருளையில் தட்டையாக்கியது, நுரை நிற்க உதவும். வறுத்த பார்லி முளைகட்டாத தானியம், கருகும் விளிம்புவரை வறுத்தது. கையில் அள்ளி முகர்ந்தால் கோப்பித்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும். பிரிட்டனில் 1880வரை மால்ட்டுக்கு வரி இருந்ததால் முளைகட்டாத தானியத்தைப் பீரில் சேர்ப்பது சட்டவிரோதம். ஐரிஷ் ஸ்டவுட்டின் உயிர் என்று நாம் நினைக்கிற இந்த வறுத்த பார்லி, நினைப்பதைவிடப் பிற்காலத்துச் சரக்கு.

மால்ட் ஊறும்போது வீடெல்லாம் ஹார்லிக்ஸ் வாசனை. எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார ஆன்ட்டி) ஒருமுறை நடைவழியில் நிறுத்தி, என்ன பலகாரம் செய்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் பசி எடுக்கிறது என்றார். நான் 'பார்லி' என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. அன்றிலிருந்து நடைவழிப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைக்கிறேன்.

கஷ்டமெல்லாம் கொதித்து முடிந்த பிறகுதான். குளிர் நாட்டில் குழாய்த் தண்ணீரைச் செம்புச் சுருள் வழியே ஓடவிட்டால் பானை இருபது டிகிரிக்கு இறங்கிவிடும். நம் குழாயில் வருவதே 28, 29 டிகிரி. எவ்வளவு ஓடவிட்டாலும் அதற்குக் கீழே போகாது. துணி துவைக்கும் இடத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று பை ஐஸைக் கொட்டி, நடுவில் பானையை வைத்து, பாப்பாவைக் குளிப்பாட்டுவது போல் சுற்றிச் சுற்றிக் கலக்க வேண்டும். அப்புறம் ஈஸ்ட்டைத் தூவி, 60 வெள்ளிக்குப் பழையதாக வாங்கிய ஃபிரிட்ஜில் 18 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே விட்டால் இந்த ஊர்ச் சூட்டில் ஈஸ்ட் தலைகால் புரியாமல் ஆடும், பீர் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி நாறும். முதல் வருடம் அப்படி ஒரு பானையைச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். இட்லி மாவை இராத்திரி வெளியே வைத்துவிட்டுக் காலையில் அடுப்புமேடையைத் துடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டம்ளரில் எடுத்த ஐந்து

ஜனவரியில் அதே ஸ்டவுட்டை அதே அளவில் மறுபடி செய்தேன். இந்தத் தடவை புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டர் ஒன்று வாங்கியிருந்தேன், எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். உண்மையைச் சொன்னால் பெரியப்பா தப்பு என்று நிரூபிக்கத்தான் வாங்கினேன். மால்ட் ஊறிக் கால் மணி நேரம் ஆனதும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் எடுத்து, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, மீட்டரை முக்கினேன். 5.4, 5.5 வந்தால் ஸ்டவுட்டுக்குச் சரி. எண்கள் கொஞ்சம் அலைந்தன. 5.2, 5.1, அப்புறம் 5.0இல் நின்றுவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, கூடவே வந்த பொடியைக் கரைத்துச் சரிபார்த்தேன். மீட்டர் சரி. மறுபடி முக்கினேன். 5.0.

டம்ளரில் இருந்ததை வாயில் ஊற்றிப் பார்த்தேன். இனிப்புக் கஞ்சிதான். ஆனால் விழுங்கியதும் நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுள்ளென்று ஒன்று பிடித்தது. ஆறிப்போய்ப் புளித்த கோப்பி ஓவின் கடைசி வாய் மாதிரி. தீபாவளிக்குப் பெரியப்பாவின் இடது கண் எதற்காகச் சுருங்கியதோ அது இதுதான். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, டம்ளரோடு, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாதம் நான் வாதாடியது கனத்தைப் பற்றி. அவர் 'ஸ்டவுட் இல்ல' என்ற ஒரே சொல்லில் இரண்டு குறையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கு என்னிடம் பாணியின் பெயரில் பதில் இருந்தது. அந்தப் பதில் சத்தமாக இருந்ததால் மற்றது எனக்குக் கேட்கவே இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுகிற எங்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது முகம் சுளித்தால் உடனே 'இந்தப் பாணி இப்படித்தான்' என்போம். கருகிய தோசையைத் தட்டில் போட்டுவிட்டு 'இது ரோஸ்ட்' என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நாங்களே கேட்டுக்கொள்வதில்லை.

காரணம் தண்ணீர். வறுத்த தானியம் புளிப்புத் தரும், கோப்பி தருவது மாதிரியே. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பை உண்டுவிடும். டப்ளின் நகரத்துத் தண்ணீர் அப்படிப்பட்டது, அதனால்தான் அங்கே கறுப்பு பீர் நன்றாக வந்தது என்று காய்ச்சும் புத்தகங்கள் எல்லாம் எழுதுகின்றன. நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது. என் கெட்டிலில் இத்தனை வருடத்தில் வெள்ளைப் படிவு படிந்து நான் பார்த்ததில்லை. பெரம்பலூர்ப் பக்கம் அத்தை வீட்டு வெந்நீர்ப் பானையில் ஒரு விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும், பருப்பு வேகாது, அத்தை ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுவார். இங்கே பருப்பு பூவாக வேகிறது. வறுத்த பார்லியின் புளிப்பைத் தடுக்கத்தான் தண்ணீரில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு நான் ஒரு வேலை செய்திருந்தேன். வெளிர் பீருக்குச் சொன்ன யோசனையை எங்கோ படித்துவிட்டு, தண்ணீருக்கு 'குணம்' சேர்க்கிறேன் என்று ஜிப்சம் போட்டிருந்தேன். அது பிஎச்சை இன்னும் கீழே இழுக்கும். வறுத்த பார்லியும் ஏழில் ஒரு பங்கு, வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு போதும். மூன்று பக்கமும் நானே கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவனைப் பெரியப்பாவின் நாக்கு என்று நினைத்திருக்கிறேன். (இந்தத் தண்ணீரில் கிருமிக்காகச் சேர்க்கும் குளோரமின் கொதித்தாலும் லேசில் போகாது, பீரில் பிளாஸ்திரி நெடி வரும் என்பதை முன்னமே கற்றிருந்தேன். ஒரு சிட்டிகை மெட்டாபைசல்ஃபைட் போட்டால் சரியாகிவிடும். தண்ணீரின் ஒரு குணம் தெரிந்ததாலேயே மற்றதும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.)

மார்ச்சில் ஜிப்சத்தை நிறுத்தினேன், வறுத்த பார்லியை 200 கிராமாகக் குறைத்தேன், 3 கிராம் ஆப்பச் சோடா போட்டேன். நன்றாக வந்தது. ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியவில்லை. இந்த மாதிரி முட்டாள்தனத்துக்கு விடை தேடியவர் ஒருவர் கின்னஸ் ஆலையிலேயே இருந்தார். வில்லியம் கோசெட். குறைந்த எண்ணிக்கை மாதிரிகளை வைத்துக்கொண்டு எதை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டு, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். கல்லூரியில் புள்ளியியலில் ஸ்டூடன்ட் டி-சோதனை என்று மனப்பாடம் செய்தபோது அது ஸ்டவுட் காய்ச்சுகிற இடத்தில் பிறந்தது என்று ஒரு வாத்தியார் சொல்லியிருந்தால் இன்னும் நாலு மதிப்பெண் வாங்கியிருப்பேன். மே மாதம் பார்லியைப் பழைய 300 கிராமுக்கே கொண்டுபோய், ஜிப்சம் இல்லாமல், ஆப்பச் சோடாவோடு இன்னொரு காய்ச்சல். (காய்ச்சல் என்று எழுதினால் ஜுரம் மாதிரி இருக்கிறது. ஒருவகையில் அதுவும் சரிதான்.) மீட்டர் 5.4 காட்டியது. கசப்பு இருந்தது, கறுப்பு இருந்தது, அந்தச் சுள் மட்டும் இல்லை.

இங்கேயே கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் தேடிப் படிக்கிற கெட்ட பழக்கம் விடவில்லை. கின்னஸ் இன்றைக்குக் காய்ச்சுவது டப்ளின் நகரத்துக் கிணற்றுத் தண்ணீரில் இல்லை. விக்லோ மலையிலிருந்து வருகிற தண்ணீர், அது மென்னீர். அதாவது எங்கள் வீட்டுக் குழாய்க்குச் சொந்தக்காரத் தண்ணீர். ஐரிஷ் ஸ்டவுட்டில் ஒரு மெல்லிய புளிப்பு இருப்பதை ரசித்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் நான் தீபாவளிக்குச் செய்தது தப்பா, அல்லது தற்செயலாக மூலத்துக்கு அருகில் போய் நின்றேனா? கொஞ்சம் புளிப்பு பாணி, நிறையப் புளிப்பு தப்பு, எல்லை எங்கே என்பதை மீட்டர் சொல்லாது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கெல்லாமா தூக்கம் போகும் என்று மனைவி கேட்டார். போகும்.

மறுபடி கூடத்தில்

ஜூன் பள்ளி விடுமுறையில் பெரியப்பா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே இரண்டு டின் ஏபிசி. 'உன் வீட்டுல என்ன இருக்கும்னு தெரியாதே' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே போன தீபாவளி இருந்தது. அம்மா வழக்கம் போல வறுவல் செய்திருந்தார். நான் மே மாதத்துப் போத்தலைத் திறந்து சாய்த்து ஊற்றினேன். ஆலைக்காரர்கள் டின்னுக்குள் நைட்ரஜனை வெளிவிடும் சின்னப் பிளாஸ்டிக் சாமான் ஒன்றை வைத்துப் பாலாடை மாதிரி நுரை வரவைப்பார்கள், 1988இல் வந்த வித்தை அது. நான் போத்தலில் சேர்ப்பது 10 லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை, அதனால் நுரை பழுப்பாக, கொஞ்சம் பெரிய குமிழோடு இருக்கும். பெரியப்பா குடித்தார். நான் இடது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கவில்லை.

"இது பரவால்ல," என்றார். முழுக் கிளாஸையும் முடித்தார். எனக்குள் மத்தாப்பு. இரண்டாவது கிளாஸ் ஊற்றினேன். அவர் பாதி குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து உடைத்து, மீதிப் பாதிக்கு மேலே ஊற்றினார். எட்டு மாத ஆராய்ச்சி, பிஎச் மீட்டர், கோசெட், விக்லோ மலை எல்லாவற்றின் மேலும் சிவப்பு நாக்கு நாயை ஊற்றினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்க வேண்டும். "என்னடா, பட்டறையில இப்படித்தான் கலப்போம். ஸ்டவுட்டும் டைகரும் பாதிப் பாதி. கசப்பும் இருக்கும், ஏறவும் ஏறும். குடிச்சுப் பாரு." குடித்துப் பார்த்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன், 4.2ம் 8ம் சேர்ந்து 6க்குக் கொஞ்சம் மேலே. என் பீரின் உலர்ந்த கசப்பு அந்த வெல்ல இனிப்பைப் பிடித்து நிறுத்தியிருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை, ஆனால் இருந்தது.

மூன்றாவது கிளாஸுக்கு என் போத்தல் தீர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜில் அடித்தட்டில், பின்பக்கம், மூடியில் எண் அழிந்துபோன ஒரு போத்தல் கிடந்தது. எதுவாக இருந்தாலும் கறுப்புதானே என்று திறந்தேன். ஊற்றும்போதே வாசனையில் தெரிந்துவிட்டது. தீபாவளிக்குக் காய்ச்சியது, கடைசிப் போத்தல். எடுத்து மறைக்கலாமா என்று யோசிப்பதற்குள் பெரியப்பா கிளாஸை நீட்டிவிட்டார். இந்தத் தடவை கலக்கவில்லை. குடித்தார். வறுவலில் ஒரு துண்டு, ஒரு வாய், இன்னொரு துண்டு, இன்னொரு வாய். கிளாஸ் காலியாகி அடியில் நுரை வளையம் மட்டும் இருந்தது. "இது எது? முன்னாடி குடுத்ததைவிட இது நல்லா இருக்கே. கறிக்கு எடுப்பா இருக்கு."

"தீபாவளிக்கு நீங்க மிச்சம் வச்சது, பெரியப்பா."

அவர் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு மாதத்தில் அந்தச் சுள் கொஞ்சம் மழுங்கித்தான் போயிருந்தது, நானும் பிற்பாடு போத்தலின் அடியில் இருந்ததை நக்கிப் பார்த்தேன், ஆனால் முழுக்கப் போகவில்லை. அதை அவரிடம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என் பக்கம் சாய்ந்தார்.

"அன்னைக்கு வறுவல்ல உப்பு ஜாஸ்திடா. உங்கம்மாகிட்ட சொல்லிடாத."